ஊர் நீங்கிய செய்தியும் ஊருக்குள் வந்த தீயும்: இணையவழிச் சமயத் தேசியமும் கும்பல் வன்முறையும் – திருபுவனம், திகன நிகழ்வுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் 2019 பிப்ரவரியில் ஒரு கொலை நிகழ்ந்தது. இலங்கையின் கண்டி மாவட்டத்தில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நிகழ்ந்தது. இவை இரண்டும் தொடக்கத்தில் ஒத்த தன்மை உடையவை. இரண்டிலும் பெரும்பான்மைச் சமயத்தைச் சார்ந்த ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இரண்டிலும் அவ்விறப்பு சமூக ஊடகங்கள் வழியே ஒரு சமயத்தின் மீது தொடுக்கப்பட்ட போராக எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் கண்டியில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. திருபுவனத்தில் அத்தகைய கும்பல் வன்முறை மூளவில்லை. இவ்வேறுபாட்டை மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையாவின் கருத்தாக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இணையச் செய்தி ஊர்ப்பூசலைத் தேசத்தின் பிரச்சினையாக உயர்த்துகிறது. அச்செய்தியைக் குறிப்பிட்ட தெருவுக்கும் கடைக்கும் மீட்டுக் கொண்டுவரும் அமைப்பு உள்ளூரில் இருக்கும்போதே அது வன்முறையாகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சமயத் தேசியம், கும்பல் வன்முறை, வதந்தி, சமூக ஊடகம், திருபுவனம், திகன, தம்பையா

முன்னுரை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் அமைந்தது திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயிலாலும் பட்டு நெசவாலும் அறியப்படும் ஊர். 2019 பிப்ரவரி 5ஆம் நாள் பகலில், அவ்வூர்ப் பகுதியில் இசுலாம் குறித்துப் பரப்புரை செய்ய வந்தோருடன் பாட்டாளி மக்கள் கட்சியைச் சார்ந்திருந்த ஒருவர் வாக்குவாதத்தில் ஈடுபட்டார். அன்றிரவே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சில நாட்களுக்குள் கைதுகள் நிகழ்ந்தன. 2019 மார்ச்சில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் 18 பேர் மீது அம்முகமை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பின்னர் 2022 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியா அமைப்பினருக்கு இக்கொலையில் பங்குண்டு என்பது முகமையின் குற்றச்சாட்டு.

பகலில் நிகழ்ந்த வாக்குவாதத்தின் காணொளி, கொலைக்குப் பின் மாநில எல்லையைக் கடந்து பகிரப்பட்டது. பட்டு நெய்யும் ஒரு பேரூரின் பெயரை அதுவரை கேட்டறியாதவர்கள் அதனைப் பார்த்தனர். தத்தம் மொழியில் விளக்கம் எழுதினர். சாலை மறியல், கடையடைப்பு, கண்டன ஆர்ப்பாட்டம் ஆகியன நடந்தன. முஸ்லிம் குடியிருப்புகள் தீக்கிரையாகும் நிலை உருவாகவில்லை.

இதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன், இலங்கையில் இதனை ஒத்த தொடக்கமுடைய ஒரு நிகழ்வு முற்றிலும் வேறான முடிவை எட்டியது. தீவிர உள்ளடக்கத்தைப் படிப்பவர் வன்முறையாளராகிறார் என்னும் நேர்க்கோட்டு விளக்கம் இவ்வேறுபாட்டின் முன் நிற்காது. இரு நிகழ்வுகளிலும் உள்ளடக்கம் இருந்தது, பார்வையாளர் இருந்தனர், சினமும் இருந்தது. வேறு எது இல்லாமற்போயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சூழல்நீக்கமும் பொருளேற்றமும்

சமய அடையாளத்தையே தேச அடையாளமாகக் கொள்ளும் அரசியலைச் சமயத் தேசியம் என்பர். பீட்டர் வான் டெர் வீர் 1994இல் இந்தியாவின் இந்து, முஸ்லிம் அடையாளங்களை முன்வைத்து இச்சொல்லை விரிவாக ஆண்டார். ஒரு சமயத்தாரின் பக்தியோ சடங்கோ தன்னளவில் சமயத் தேசியம் ஆகிவிடாது. ‘இந்நாடு நம்முடையது, இங்கு வாழும் மற்றவர் விருந்தினர் அல்லது ஊடுருவியோர்’ என்ற கணக்கு அதனுள் நுழையும்போதே அது தேசியமாகிறது.

இக்கணக்கு ஒரு தெருச்சண்டைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர் தம்பையா. யாழ்ப்பாணத் தமிழ்ப் பின்னணியில் பிறந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், 1996இல் வெளியிட்ட ‘லெவலிங் கிரௌட்ஸ்’ என்னும் நூலில் தெற்காசியக் கலவரங்களை ஒப்பிட்டார். ஒரு பூசல் கலவரமாக வளரும்போது இரண்டு செயல்கள் நிகழ்வதாக அவர் கண்டார். முதலாவது, நிகழ்வுக்குரிய உள்ளூர்ச் சூழல் படிப்படியாகக் கழற்றப்படுதல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன காரணத்தால் சண்டை என்ற விவரங்கள் உதிர்கின்றன. இரண்டாவது, எஞ்சியதன் மேல் இனம், சமயம், நாடு என்னும் பெரும்பொருள் ஏற்றப்படுதல். இவ்விரண்டையும் தமிழில் முறையே சூழல்நீக்கம், பொருளேற்றம் எனக் குறிக்கலாம்.

தம்பையா இவற்றை எழுதியபோது கைபேசி இப்பணியில் இறங்கியிருக்கவில்லை. வாய்மொழி, துண்டறிக்கை, நாளிதழ், ஊர்வலம் ஆகியவையே அவர் கண்ட கருவிகள். பகிரப்படும் காணொளியோ தன் வடிவத்தாலேயே சூழலை நீக்குகிறது. முப்பது நொடிக்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது, படமெடுத்தவர் யார் என்பன அதனுடன் பயணிப்பதில்லை. 2013இல் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர்க் கலவரத்தின்போது, 2010இல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் எடுக்கப்பட்ட ஒரு கும்பற்கொலைக் காணொளி உள்ளூர் நிகழ்வாகப் பரப்பப்பட்டது. அக்கலவரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லாயிரம் முஸ்லிம்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். சூழல் முழுமையாக நீங்கியதால்தான் எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு காட்சி, இன்னொரு நாட்டின் கரும்பு வயல்களுக்கிடையே ‘நம் ஊரில் நடந்தது’ என்று பொருந்திப்போயிற்று.

அச்சும் தொடருந்தும்: 1915

இணையத்திற்கு முன் இவையெல்லாம் இல்லை என்று எண்ணுதல் பிழை. இலங்கையில் 1915 மே மாத இறுதியில், வெசாக் நாளன்று கண்டியில் தொடங்கிய சிங்கள – முஸ்லிம் கலவரம் இதற்குச் சான்று. கம்பளையில் பெரகரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது இசைக்கலாமா என்னும் வழக்கு அதன் பின்னணி. 1914இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 1915இன் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு தெருவில் மேளம் அடிப்பது பற்றிய வழக்கு, பௌத்தத்தின் உரிமை பற்றிய வழக்காகப் படிக்கப்பட்டது. அநகாரிக தர்மபால நடத்திய ‘சிங்கள பௌத்தயா’ இதழை ஆங்கில அரசு அவ்வாண்டு தடைசெய்தமை, அச்சின் பங்கை அரசு எவ்வாறு மதிப்பிட்டது என்பதைக் காட்டும். செய்தியைக் கொண்டுசென்ற மற்றொரு கருவி தொடருந்து. இருப்புப்பாதை ஊர்களில் கலவரம் விரைந்து பரவியது.

அக்கலவரத்தின் முதன்மை இலக்கு கரையோர முஸ்லிம்கள், அதாவது தமிழகக் கடற்கரையிலிருந்து வணிகத்திற்காகச் சென்றவர்கள். அதிராம்பட்டினம் போன்ற தஞ்சைக் கரையின் ஊர்களும் அவர்களது தாயகத்துள் அடங்கும். கண்டியின் கடைத்தெருவில் மூண்ட தீயின் இழப்பு காவிரிப் படுகையின் வீடுகளிலும் கணக்கிடப்பட்டிருக்கும். திகன நிகழ்வை இங்கு ஆராய்தற்கு இதுவும் ஒரு காரணம்.

திகன: பத்து நாட்கள்

2018 பிப்ரவரி 22ஆம் நாள் கண்டி மாவட்டத்தின் தெல்தெனியப் பகுதியில், சாலையில் ஏற்பட்ட தகராறில் ஒரு சிங்கள லாரி ஓட்டுநரை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினர். நால்வரும் கைது செய்யப்பட்டனர். மருத்துவமனையில் இருந்த ஓட்டுநர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். சாலைத் தகராறு, தாக்குதல், கைது, மரணம் என்னும் இவ்வரிசையில் சமயத்திற்கு இடமில்லை. இடம் உருவாக்கப்பட்டது. அதனை உருவாக்க, தாக்குதலுக்கும் மரணத்திற்கும் இடைப்பட்ட நாட்கள் உதவின.

அவ்விடைவெளியில், பிப்ரவரி 26ஆம் நாள் இரவு, கண்டியிலிருந்து வெகுதொலைவில் கிழக்கே உள்ள அம்பாறையில் வேறொன்று நிகழ்ந்தது. முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில் உண்ட சிங்கள வாடிக்கையாளர், கறியில் ஒரு கட்டியைக் கண்டு, அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனக் குற்றஞ்சாட்டினார். கும்பல் சூழ்ந்தது. சிங்களம் சரிவரத் தெரியாத, தமிழ் பேசும் அவ்வுணவகத்தார், கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றெண்ணி அச்சத்தில் ஆம் என்னும் பொருள்பட விடையளித்தார். அது கைபேசியில் பதிவாகி ‘ஒப்புதல் வாக்குமூலமாக’ முகநூலில் பரவியது. கடை நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரசுப் பகுப்பாய்வாளர் அக்கட்டி மாவுப்பொருளே என அறிக்கை அளித்தார்.

தமிழாய்வாளர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு மொழியின் வினா, மற்றொரு மொழியினரின் அச்சம், இடையில் ஒரு தலையசைப்பு. மொழிபெயர்ப்பின்மை இங்கு சான்றாக மாற்றப்பட்டுள்ளது. சிங்களத்தில் ‘வந்த பெத்தி’ எனப்படும் மலட்டு மாத்திரை பற்றிய கதை அன்று முளைத்ததன்று. முஸ்லிம் கடைகளில் விற்கும் ஆடை, உணவு, இனிப்பு ஆகியவை பற்றி அது பல ஆண்டுகளாகச் சுற்றிவந்தது. ஆகவே காணொளி புதிய நம்பிக்கை எதையும் உண்டாக்கவில்லை; முன்பே நம்பப்பட்ட ஒன்றுக்கு முகத்தையும் குரலையும் அளித்தது. நிலைத்த கதை ஒன்று காத்திருக்க, ஒரு காட்சி வந்து அதனுள் அமர்கிறது. 2019 மே மாதம் குருநாகல் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்னும் செய்தி வெளிவந்தபோதும் இதே கதையே மீண்டது. அதனை முதலில் வெளியிட்டது முகநூல் அன்று. ‘திவயின’ என்னும் அச்சு நாளிதழ் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டது. இணையத்தை மட்டும் குற்றவாளியாக்கும் ஆய்வுகள் இதனை எளிதில் கடந்துவிடுகின்றன.

அம்பாறைக் காணொளி பரவிய நாட்களிலேயே ஓட்டுநர் மரணப்படுக்கையில் இருந்தார். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்வுகள் திரையில் அடுத்தடுத்து வந்தன. உணவில் நஞ்சிடுவோர் அங்கே; சாலையில் அடித்துக் கொல்வோர் இங்கே. தம்பையா கூறிய பொருளேற்றம் இவ்வடுக்கினாலேயே நிறைவேறிவிட்டது.

எனினும் மார்ச் 4, 5 நாட்களில் திகனவில் தீ மூண்டதற்கு இவ்வளவு போதாது. மகாசோன் பலகாய என்னும் சிங்களத் தீவிர அமைப்பின் தலைவர் அமித் வீரசிங்க, திகனக் கடைத்தெருவில் நடந்தவாறே பேசிய காணொளி பரவலாகப் பகிரப்பட்டது. துண்டறிக்கை கொடுத்துக்கொண்டே வருவதாகவும், இவ்வூரில் சிங்களவர் கடை இருபதுகூடத் தேறவில்லை எனவும் பொருள்பட அவர் பேசினார். சமயத்தின் அழிவு, இனத்தின் குறைவு என்று ஊர்ப்பெயரின்றிப் பறந்த செய்தி இக்காணொளியில் ஓர் ஊரின் பெயரைப் பெறுகிறது. கடைகளின் எண்ணிக்கையையும் பெறுகிறது. நாட்டைப் பற்றிய கணக்கு, தெருவைப் பற்றிய கணக்காக இறங்கிவிட்டது. சூழல்நீக்கம், பொருளேற்றம் ஆகிய இரண்டுடன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படை. அதனை இக்கட்டுரை இடமீட்பு எனக் குறிக்கிறது. நீக்கப்பட்ட சூழலுக்கு மாற்றாகப் புதியதொரு சூழலை, எந்தக் கடை, எந்த வீடு, எந்தப் பள்ளிவாசல் என்ற முகவரியுடன் கொண்டுவந்து வைப்பது இடமீட்பு.

இடமீட்புக்கு ஆள் வேண்டும். தாக்கியவர்களுள் பலர் வெளியூர்களிலிருந்து வந்தோர் என அந்நாட்களிலேயே பதிவாகியுள்ளது. வெளியூரார்க்கு ஒரு கடைத்தெருவில் எது யாருடையது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்த ஒருவர் காட்டியாக வேண்டும். காவலும் வேண்டும், அல்லது காவலின்மை வேண்டும். காவல்துறையினர் சிலரும் அரசியலாளர் சிலரும் தாக்குதலில் பங்கேற்றதாகக் கூறும் சாட்சிகளையும் கண்காணிப்புக் காணொளிகளையும் கொண்டு ராய்ட்டர்ஸ் நிறுவனம் அம்மாத இறுதியில் செய்தி வெளியிட்டது. எரிந்த வீட்டினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் நாள் நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறுநாளும் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை பகுதிகளில் தாக்குதல் தொடர்ந்தது. அன்றே முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. ஒரு வாரத்திற்குப் பின்னரே முடக்கம் நீங்கியது. வீரசிங்க மார்ச் 8ஆம் நாள் கைதானார்.

சமூக ஊடக முடக்கம் பயன் தந்ததா என்ற வினாவுக்கு எளிய விடை இல்லை. முடக்கம் வந்தபோது கலவரம் மூன்றாம் நாளைக் கடந்திருந்தது. மெய்நிகர் தனியார் இணைப்பு வழியாகப் பலர் தொடர்ந்து முகநூலைப் பார்த்தனர். இடமீட்பு முடிந்த பின் செய்தியை நிறுத்துவது, விதைத்து முடித்த வயலில் விதைப்பெட்டியைப் பூட்டுவது போன்றது. அதே வேளையில், 2019 மே மாதத்தில் சிலாபத்தில் நிகழ்ந்ததையும் நோக்க வேண்டும். அங்கு முஸ்லிம் வணிகர் ஒருவர் ஆங்கிலத்தில் இட்ட பின்னூட்டம், அதிகம் சிரிக்காதீர், ஒரு நாள் அழுவீர் என்னும் பொருளுடையது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நிகழ்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த நிலையில் அது அச்சுறுத்தலாகப் படிக்கப்பட்டது. மறுநாள் மினுவாங்கொடை, குருநாகல் மாவட்டம் என வன்முறை பரவியது, ஒருவர் கொல்லப்பட்டார். அச்சத்தில் உறைந்த ஒரு சமூகத்தில் சூழல்நீக்கத்திற்கு ஒரு வரியே போதுமானதாயிருந்தது.

எச்சரிக்கையின் மொழி

பேஸ்புக் நிறுவனம் பணியமர்த்திய ஆர்ட்டிகிள் ஒன் என்னும் குழு, 2018 கலவரத்தில் அத்தளத்தின் பங்கை ஆராய்ந்தது. 2020 மே மாதம் அவ்வறிக்கை வெளியானபோது, தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சிங்களம் அறிந்த மட்டுறுத்துநர் போதாமை அங்கு ஒரு முதன்மைக் குறையாகச் சுட்டப்பட்டது. முஸ்லிம்களைக் கைக்குழந்தையும் எஞ்சாமல் கொல்லுமாறு கூறிய சிங்களப் பதிவொன்றைப் பயனர்கள் முறையிட்டபோதும், அது விதிகளை மீறவில்லை என விடை வந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2018 ஏப்ரலில் எழுதியது. கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே முகநூல் வெறுப்புப் பேச்சு குறித்த ஆய்வை வெளியிட்டிருந்தது என்பதை நினைத்தால், அறியாமை என்னும் விளக்கம் ஏற்கத்தக்கதாயில்லை.

கொல் எனக் கூறும் பதிவு எளிதில் அடையாளங் காணக்கூடியது. வன்முறைக்கு முந்தைய செய்திகளுள் மிகுதியும் அவ்வாறு இருப்பதில்லை. அவற்றின் தொனி அக்கறை. தாய்மார்களே கவனம், பிள்ளைகளைப் பாதுகாருங்கள், இந்தக் கடையில் வாங்காதீர்கள், அனைவருக்கும் பகிருங்கள் என்பன போன்ற வாய்பாடுகளில் வசைச்சொல் ஒன்றேனும் இராது. பகிர்பவர் தம்மை வெறுப்பாளராகக் கருதுவதில்லை. ஊருக்கு நன்மை செய்பவராகவே கருதுகிறார். குடும்பக் குழுவில் அத்தை அனுப்பினார், சித்தப்பா அனுப்பினார் என்னும் உறவின் நம்பகம் செய்தியின் நம்பகமாகிவிடுகிறது.

தமிழில் இத்தகைய பதிவுகளைக் கணினிவழி இனங்காணும் முயற்சிகள் 2020 முதல் பெருகியுள்ளன. அவற்றின் தொடக்கநிலைத் தரவுகளுள் ஒன்றான தமிழ் – ஆங்கிலக் கலப்புமொழித் தொகுப்பு, யூடியூப் தளத்தில் திரைப்பட முன்னோட்டங்களின்கீழ் இடப்பட்ட 15,744 பின்னூட்டங்களால் ஆனது. ரசிகர் சண்டையின் மொழியைக் கற்ற பொறிக்கு எச்சரிக்கையின் மொழி பிடிபடுமா என்பது ஐயமே. வசையை வடிகட்டும் கருவி, வசையற்ற வதந்தியைத் தடையின்றி அனுப்பும். இலக்கணத்தில் ஏவலும் வியங்கோளும் ஒன்றல்ல என்று கற்பிப்போர், பகிரவும் என்னும் பணிவான வியங்கோள் எவ்வளவு விசையுடையது என்பதை ஆராய இடமுண்டு.

திருபுவனத்தில் நிகழாதது

மேற்கூறிய மூன்று கட்டங்களைத் திருபுவனத்துடன் பொருத்திப் பார்க்கலாம். சூழல்நீக்கம் நிகழ்ந்தது. பகலில் நடந்த வாக்குவாதக் காட்சி, பேசியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களா, அத்தெருவின் வழக்கம் என்ன என்பவற்றை உதறிவிட்டுப் பயணித்தது. பொருளேற்றமும் நிகழ்ந்தது. மதமாற்றத்தை எதிர்த்தவர் கொல்லப்பட்டார் என்பது இந்துத் தேசியத் தரப்பின் நாடளாவிய எடுத்துரைப்பில் உடனே இடம்பெற்றது. கொலையும் தன்னளவில் ஒரு பொருளேற்றத்தின் விளைவே. புலனாய்வு முகமையின் குற்றச்சாட்டு மெய்யாயின், ஒரு தெருவில் நிகழ்ந்த சொற்போரைச் சமயத்திற்கு நேர்ந்த இழிவாகக் கொண்டவர்களே அதனைச் செய்தனர். சமயத் தேசியம் பெரும்பான்மையினரின் தனியுடைமை அன்று. சிறுபான்மை அடையாள அரசியலும் அதே இலக்கணத்தைக் கையாளும். நிகழாதது இடமீட்பு. பட்டியல் எழவில்லை, கடைகளை எண்ணிக்கொண்டு யாரும் நடக்கவில்லை.

இதற்கு நாகூர் தர்காவைக் காரணம் காட்டுவோர் உண்டு. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டிய 131 அடி உயர மினாரையும், இந்துக்கள் அங்கு செலுத்தும் நேர்த்திக்கடனையும் கூறி, இது நல்லிணக்கப் பூமி என்று முடித்துவிடுவது எளிது. அம்முடிவு காவிரிப் படுகையின் மற்றொரு வரலாற்றை மறைக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் உழைப்பாளிகளும் பெண்களும் குழந்தைகளும் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். எந்தத் திரையும் அதற்குத் தேவைப்படவில்லை. யார் எந்தத் தெருவில் வாழ்கிறார்கள் என்பது அங்கு அனைவருக்கும் தெரிந்திருந்தது. கூலிக்கணக்கும் சாதிப் பிரிவும் இடமீட்பை முன்னரே செய்து வைத்திருந்தன. இப்பகுதி வன்முறை அறியாததன்று. அதன் வன்முறைக்கோடுகள் பெரிதும் நிலம், சாதி என்னும் திசைகளில் ஓடின. சமயத் திசையில் அத்தகைய அமைப்பு வலுப்பெறவில்லை.

அசுதோஷ் வார்ஷ்ணி 2002இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் துணைசெய்யும். கோழிக்கோடு – அலிகர் போன்ற நகர இணைகளை ஒப்பிட்ட அவர், அண்டைவீட்டு உறவு மட்டும் நகரங்களில் கலவரத்தைத் தடுப்பதில்லை, இரு சமயத்தாரும் உறுப்பினராக உள்ள வணிகர் சங்கம், தொழிற்சங்கம், கட்சி ஆகியவையே தடுக்கின்றன என்றார். கும்பகோண வட்டாரத்தின் பாத்திரத் தொழில், வெற்றிலை, நெல் வணிகம், படுகையின் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள், திராவிட இயக்கக் கிளைகள் ஆகியவை இத்தகைய பின்னலைத் தந்துள்ளன. மறியல், கடையடைப்பு என்னும் தமிழகப் போராட்ட வடிவங்களையும் இவற்றுடன் சேர்த்தெண்ண வேண்டும். உடலைப் பெற மறுத்தல், வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ வந்து பேசுதல், கைது, இழப்பீடு, உறுதிமொழி என்னும் முறைமை அவற்றில் உண்டு. சினம் அரசை நோக்கித் திரும்புகிறது; பேச ஓர் எதிர்த்தரப்பு கிடைக்கிறது. பக்கத்துக் கடை இலக்காவதில்லை.

இதனைத் தமிழகத்தின் தனிச்சிறப்பு எனப் பொதுமைப்படுத்த முடியாது. 2016 செப்டம்பரில் கோயம்புத்தூரில் இந்து முன்னணி நிர்வாகி ஒருவர் கொல்லப்பட்டபோது, மறுநாள் இறுதி ஊர்வலத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. காவல் வாகனம் எரிக்கப்பட்டது. அங்கு 1997 கலவரத்தின் நினைவும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பின் நினைவும் இருந்தன. பல ஆண்டுகள் வேரூன்றிய அமைப்புகள் இருந்தன. ஊர்வலப் பாதை என்னும் வரைபடமும் இருந்தது. ஒரே மாநிலத்தில், மூன்றாண்டுக்குள், ஒத்த இயல்புடைய இரு கொலைகள் வெவ்வேறு விளைவுகளைத் தந்தன. பால் பிராஸ் கலவரங்களை ‘நிறுவனமயமான அமைப்பு’ என விளக்கியது இத்தகைய வேறுபாட்டையே கருத்திற்கொண்டு.

படுகையில் அப்பின்னல் என்றும் நிலைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. 2022 ஜனவரியில் தஞ்சை மாவட்டப் பள்ளி மாணவி ஒருவரின் மரணம், கைபேசிக் காணொளி வழியே சில நாட்களில் நாடளாவிய மதமாற்ற விவாதமாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜனவரி 31ஆம் நாள் வழக்கை மத்தியப் புலனாய்வுப் பிரிவுக்கு மாற்றியது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வன்முறை எதுவும் நிகழவில்லையெனினும், ஒரு சிற்றூரின் துயரம் தில்லித் தலைப்பாவதற்கு ஆகும் காலம் 2019ஐ விடவும் சுருங்கியிருந்தது.

சட்டம் பார்க்கும் இடம்

2018 ஜூலை 17ஆம் நாள் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஒரு பொறுப்பு அலுவலரை அமர்த்த ஆணையிட்டது. வன்முறைக்கு வாய்ப்புள்ளோர் பற்றியும் வெறுப்புரை, பொய்ச்செய்தி பரப்புவோர் பற்றியும் தகவல் திரட்டும் குழுவும் அதில் அடங்கும். அதே மாதம் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தியது. இவ்விரண்டுள் முதலாவதே இக்கட்டுரையின் கருதுகோளுக்கு நெருக்கமானது. அது மாவட்டத்தையும் ஆட்களையும் நோக்குகிறது. இரண்டாவது, செய்தியின் வேகத்தை மட்டும் நோக்குகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொலையைத் தனியே குறிப்பிடுகிறது. இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறப்பிடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை ஆகியன அதில் காரணங்களாக எண்ணப்பட்டுள்ளன. சமயம் என்னும் சொல் மட்டும் அப்பட்டியலில் இல்லை. அதனைச் சமூகம், நம்பிக்கை என்னும் சொற்களுள் வைத்தே பொருள்கொள்ள வேண்டியுள்ளது. மேலும் அப்பிரிவு, அடித்தவரைக் காணும். கடையைச் சுட்டிக்காட்டியவரை நேரடியாகக் காணாது. அவர் உடந்தை, சதி ஆகிய பொதுப்பிரிவுகளுக்குள் வர வேண்டும். அதற்குச் சான்று வேண்டும்.

அச்சான்றின் நிலையே ஆய்வாளர்க்குரிய இடர். 1915இன் துண்டறிக்கையும் நாளிதழும் ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும். குரற்பதிவுகளும் நிலைத்தகவல்களும் அனுப்பியவராலோ நிறுவனத்தாலோ அழிக்கப்படுகின்றன. நிறுவனங்கள் வெறுப்புப் பதிவை நீக்குவதைச் சாதனையாகக் கணக்கிடும்போது, அப்பதிவு எவ்வூருக்கு எப்போது வந்தது என்னும் தடயமும் சேர்ந்து நீங்குகிறது. எஞ்சுவன பெரும்பாலும் வழக்குக் கோப்புகளில், முன்னர் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழும், இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்கீழும் சான்றிதழ் இணைத்து அளிக்கப்பட்ட மின்னணுப் படிகள். தமிழ் வட்டார வழக்கில் பேசப்பட்ட அக்குரல்களை எழுத்துப்பெயர்த்து, எந்தச் சொல்லில் ஒரு நாட்டின் பெயர் மறைந்து ஒரு தெருவின் பெயர் தோன்றுகிறது என்று குறித்துவைக்கும் பணி, வழக்கு முடிந்து கோப்புகள் அழிக்கப்படுவதற்கு முன் செய்யப்பட வேண்டியது.